பாஸ்கல் முக்கோணத்தில் அரை: க்யூ-ஈருறுப்புக் கெழுக்களை விகிதமுறு எண்களுக்கு நீட்டினால் எது மிஞ்சும்?

புதியவள்:

வணக்கம். காஸின் ஈருறுப்புக் கெழுக்கள் முழு எண்களுக்கு எனக்கு ஓரளவு கைவந்துவிட்டன. அரை, ஐந்தில் மூன்று போன்ற எண்களுக்குப் போகும்போதுதான் தடுக்கிறது. முதலில் குறியீட்டைச் சொல்லிவிடுகிறேன். க்யூ என்னும் மாறியை நீளம் கருதி 'க' என்றே எழுதுகிறேன். [ந] = 1 + க + க² + … என்று ந உறுப்புகள். ஈ(ந, ம) என்பது ந-இலிருந்து ம-ஐத் தேர்ந்தெடுக்கும் கெழுவின் க்யூ-வடிவம்:

ஈ(ந, ம) = [ந][ந−1]…[ந−ம+1] / [1][2]…[ம]

எடுத்துக்காட்டாக, ஈ(4, 2) = 1 + க + 2க² + க³ + க⁴. இதில் க = 1 என்று இட்டால் பழைய 6 வந்துவிடுகிறது.

நியூட்டன் ஈருறுப்புத் தேற்றத்தைப் பின்ன அடுக்குகளுக்கு நீட்டியபோது ஈ(½, 2) = −1/8, ஈ(½, 3) = 1/16 என்று எண்கள் கிடைத்தன. இவற்றின் க்யூ-வடிவம் என்ன? ந இருந்த இடத்தில் ½ வைக்க வேண்டுமானால் [½] என்றால் என்னவென்று தெரிய வேண்டும். அரை உறுப்பு உள்ள கூட்டலை எப்படி எழுதுவது? இரண்டு வேறு விடைகளைப் பார்த்தேன். எது சரி?

முக்கோணப்பித்தர்:

பழைய விடையிலிருந்து தொடங்குகிறேன். [ந] = (1 − க^ந)/(1 − க). இந்த வடிவத்தில் ந முழு எண்ணாக இருக்க வேண்டிய கட்டாயம் எங்கும் இல்லை. ஆகவே [½] = (1 − √க)/(1 − க) = 1/(1 + √க). 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிராங்க் ஹில்டன் ஜாக்சன் வளர்த்தெடுத்த க்யூ-நுண்கணிதம் முழுவதும் இந்த வழியில்தான் நடக்கிறது. மெய்யெண், சிக்கலெண் எதுவானாலும் க^அ என்பதற்குப் பொருள் சொல்ல முடிந்தால் போதும். எனக்கு இதுவே இயல்பானதாகத் தோன்றுகிறது. இன்னொரு விடை எதற்கு?

தொடர்பின்னம்:

√க வந்தவுடன் பல்லுறுப்புக்கோவைகளின் உலகத்தை விட்டு வெளியேறிவிடுகிறோம். அரைக்கு √க, மூன்றிலொன்றுக்கு முப்படிமூலம் என்று ஒவ்வொரு பகுதி எண்ணுக்கும் ஒரு புதிய மூலம். எண்ணுவதற்கென்று பிறந்த ஒரு பொருளை அப்படிக் கொண்டுபோக எல்லாருக்கும் மனம் வராது.

சோஃபி மோரியே-ஜெனூ, வாலண்டின் ஓவ்சியென்கோ இருவரும் 2020இல் வெளியிட்ட வரையறை வேறு வழியில் போகிறது. இரண்டே விதிகள்:

[அ + 1] = க[அ] + 1
[−1/அ] = −1/(க[அ])

[0] = 0 என்று தொடங்கி, ஒன்றைக் கூட்டுவது, தலைகீழாக்கிக் குறி மாற்றுவது ஆகிய இரண்டையும் மாறிமாறிச் செய்தால் எந்த விகிதமுறு எண்ணையும் அடையலாம். தொடர் பின்னம் செய்வதும் அதுதானே? அரைக்குச் செய்து பாருங்கள். [2] = 1 + க. எனவே [−½] = −1/(க(1 + க)). ஒன்றைக் கூட்டினால்:

[½] = 1 − 1/(1 + க) = க/(1 + க)

மூலம் எதுவும் இல்லை. தொகுதியும் பகுதியும் முழு எண் கெழுக்கள் கொண்ட பல்லுறுப்புக்கோவைகள். மேலும் இரண்டு:

[3/2] = (1 + க + க²)/(1 + க)
[5/2] = (1 + 2க + க² + க³)/(1 + க)

முதலாவது [3]/[2] ஆகவே அமைந்துவிட்டது. அதை வைத்து ஏமாந்துவிடாதீர்கள். இரண்டாவது [5]/[2] அன்று.

புதியவள்:

ஒரே எண்ணை வெவ்வேறு வழிகளில் அடையலாமே. எல்லா வழிகளும் ஒரே விடையைத்தான் தரும் என்பதற்கு என்ன உறுதி?

தொடர்பின்னம்:

மிகச் சரியான இடத்தில் கேட்டீர்கள். வரையறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. சாதாரண எண்களில் 'ஒன்றைக் கூட்டு', 'தலைகீழாக்கிக் குறி மாற்று' என்ற இரு செயல்களுக்கும் இடையில் அடிப்படையான உறவுகள் இரண்டே. தலைகீழாக்கலை இரண்டு முறை செய்தால் பழைய எண். தலைகீழாக்கி ஒன்றைக் கூட்டுவதை மூன்று முறை செய்தாலும் பழைய எண். மற்றவை எல்லாம் இவற்றிலிருந்து வந்துவிடும்.

[அ]-வை ய என்று எழுதிப் பாருங்கள். ய → −1/(கய) என்பதை இருமுறை செய்தால் ய திரும்பக் கிடைக்கிறது. ய → −1/(கய) → க·(−1/(கய)) + 1 = 1 − 1/ய. இங்கே க முற்றாக மறைந்துவிட்டது! 1 − 1/ய என்பதை மூன்று முறை செய்தால் ய வரும் என்பது பள்ளிக் கணக்கு. உறவுகள் இரண்டும் அப்படியே நிற்கின்றன. தொடக்கப் புள்ளியை ஒட்டி ஒரு நுணுக்கம் பாக்கி இருக்கிறது. கேள்வி எழும்போது வருகிறேன்.

முக்கோணப்பித்தர்:

சரி, [½]-ஐ ஏற்றுக்கொள்கிறேன். பாஸ்கல் விதி நிற்குமா? ஈ(அ+1, ம) = ஈ(அ, ம−1) + க^ம · ஈ(அ, ம). அது உடைந்தால் இதை ஈருறுப்புக் கெழு என்று அழைக்க எனக்கு ஒப்பாது.

தொடர்பின்னம்:

நிற்கிறது. சரிபார்க்கத் தேவையே இல்லாமல் நிற்கிறது.

[அ − 1] = ([அ] − 1)/க என்பது முதல் விதி. அதையே திரும்பத் திரும்பச் செய்தால் [அ − 2], [அ − 3] எல்லாமே [அ]-வின் நேரியல் கோவைகள். எனவே ஈ(அ, ம) என்பது [அ] என்ற ஒரே பொருளில் ம படியுள்ள பல்லுறுப்புக்கோவை. பாஸ்கல் விதியின் இரு பக்கங்களும் அப்படித்தான். 1, 2, 3 என்று எண்ணற்ற முழு எண்களுக்கு அவை சமம் என்பது காஸ் காலத்திலிருந்தே தெரியும். எண்ணற்ற இடங்களில் சமமாகும் இரண்டு பல்லுறுப்புக்கோவைகள் ஒன்றேதான். ஆக, [அ]-வின் இடத்தில் எதை வைத்தாலும் விதி உண்மை.

ஓர் எடுத்துக்காட்டு:

ஈ(½, 2) = [½][−½]/[2] = −1/(1 + க)³

க = 1 என்றால் −1/8. நியூட்டனின் எண். இப்போது ஈ(3/2, 2)-ஐ நேராகக் கணக்கிட்டால் க(1 + க + க²)/(1 + க)³. பாஸ்கல் வழியாகப் போனால் க/(1 + க) − க²/(1 + க)³. பொதுப் பகுதிக்குக் கொண்டுவந்தால் அதே விடை.

இந்த வாதம் ஜாக்சனின் [அ]-வுக்கும் அப்படியே பொருந்தும். அவரும் [அ + 1] = க[அ] + 1 என்பதை மீறவில்லை. பாஸ்கல் விதியை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

வகுத்தல்மீதி:

நானும் கொஞ்சம் கணக்கிட்டேன். ஈ(½, 3) = 1/(க²(1 + க)⁴). எவ்வளவு அழகு! மேலே வந்த [3], கீழே இருந்த [3]-உடன் அடிபட்டுப் போய்விட்டது. ஈ(½, 4) = −(1 + க + 2க² + க³)/(க⁵(1 + க)⁶(1 + க²)). க = 1 இட்டால் −5/128, சரி.

சாதாரண ஈ(½, ம)-இன் பகுதியில் 2-இன் அடுக்குகள் மட்டுமே வரும் என்பது தெரிந்ததே. இங்கே க-வின் அடுக்குகள் தவிர (1 + க), (1 + க²) மட்டுமே வந்திருக்கின்றன; இரண்டுக்கும் க = 1இல் மதிப்பு 2. எனவே எப்போதுமே பகுதியில் 1 + க, 1 + க², 1 + க⁴ வகைக் காரணிகள் மட்டுமே மிஞ்சும் என்று ஊகிக்கிறேன்.

புதியவள்:

உங்கள் ஊகத்தைப் பார்த்து அடுத்ததையும் கணக்கிட உட்கார்ந்தேன். [−7/2] = −(1 + க + 2க² + 2க³ + க⁴)/(க⁴(1 + க)) என்று வந்தது. ஆக:

ஈ(½, 5) = (1 + க + 2க² + க³)(1 + க + 2க² + 2க³ + க⁴) / (க⁹(1 + க)⁷(1 + க²)[5])

க = 1 இட்டால் 35/1280 = 7/256. எண் சரியாக இருக்கிறது. ஆனால் [5] அடிபட மறுக்கிறது. 5 என்ற மதிப்பு மேலே இருக்கிறது, கீழேயும் இருக்கிறது. கோவைகள் மட்டும் வெவ்வேறு. எங்கே தவறு செய்தேன் என்று மூன்று முறை தேடிவிட்டேன்.

தொடர்பின்னம்:

தவறே இல்லை. [5] = 1 + க + க² + க³ + க⁴ விகிதமுறு எண்களின் மேல் காரணிப்படுத்த முடியாத நாற்படிக் கோவை. மேலே ஒரு முப்படிக் கோவையும், [5] அல்லாத ஒரு நாற்படிக் கோவையும் இருக்கின்றன. அடிபட வழியில்லை. வகுத்தல்மீதி அவர்களின் ஊகம் ம = 5இல் முறிந்துவிட்டது. [3] அடிபட்டது [−3/2]-இன் தொகுதி தற்செயலாக, குறியை விட்டால், [3] ஆக இருந்ததால்தான்.

ஜாக்சனின் வடிவத்தில் இந்த இடம் எப்படிப் போகிறது என்று பார்த்தால் காரணம் இன்னும் தெளிவாகும். √க-வை ப என்று எழுதுங்கள். அங்கே குறியையும் ப-வின் ஓர் அடுக்கையும் விட்டுவிட்டால், ஈ(½, 5)-இன் மேலே ப-வில் எழுதிய 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை க்யூ-எண்கள், கீழே 2, 4, 6, 8, 10 என்ற இரட்டைப்படை க்யூ-எண்கள். கீழிருக்கும் பத்து, 1 + ப⁵ என்பதையும் ப-வில் எழுதிய [5]-ஐயும் பெருக்கினால் வருவது. அந்த [5] மேலே உள்ள [5]-உடன் அடிபடும். எஞ்சும் 1 + ப⁵-இல் (1 + ப) ஒரு காரணி. மற்றது 1 − ப + ப² − ப³ + ப⁴. ப = 1இல் அதன் மதிப்பு 1. அதாவது கோவையாகப் பகுதியில் அது மிஞ்சியிருந்தாலும் எண்ணில் தடம் பதிப்பதில்லை.

புதிய வடிவத்தில் ஐந்து அப்படிப் பிளவுபடுவதில்லை. முழுதாக மிஞ்சி, மேலே இருக்கும் வேறொரு 'ஐந்து' அதன் மதிப்பைச் சமன்செய்கிறது. இதை நான் குறையாகவே கருதுகிறேன். ஈ(½, ம)-இன் பகுதி 2-இன் அடுக்கு என்பது எண்கணிதத்தில் அருமையான உண்மை. அதன் க்யூ-நிழல் இங்கே கிடைக்கவில்லை.

வகுத்தல்மீதி:

நன்றி. நான்கு வரிகளை மட்டும் பார்த்துவிட்டு ஊகம் சொன்னேன். ஐந்தாவது வரியையும் எழுதிவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

முக்கோணப்பித்தர்:

ஈருறுப்புத் தேற்றம்? முழு எண் ந-வுக்கு (1 + த)(1 + கத)(1 + க²த)… என்று ந காரணிகளின் பெருக்கத்தை விரித்தால் ஈ(ந, ம) · க^(ம(ம−1)/2) என்பதே த^ம-இன் கெழு. அரைக் காரணி என்று ஒன்று இல்லையே.

தொடர்பின்னம்:

இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வந்துவிட்டோம்.

ஆ(அ) = 1 + (க − 1)[அ] என்று ஒன்றை வரையறுங்கள். அ முழு எண்ணானால் இது வெறும் க^அ. ஜாக்சன் வழியிலும் எப்போதும் க^அ. புதிய வழியில் ஆ(½) = (1 + க²)/(1 + க). √க இருந்த நாற்காலியில் இப்போது இது உட்கார்ந்திருக்கிறது. க = 1இல் இரண்டின் மதிப்பும் 1, இரண்டின் வகைக்கெழுவும் ½. அந்தப் புள்ளியில் ஒன்றையொன்று தொட்டுவிட்டுப் பிரிகின்றன.

தேற்றம் இப்படி ஆகிறது: எல்லா ம-க்கும் ஈ(அ, ம) · க^(ம(ம−1)/2) · த^ம என்பவற்றைக் கூட்டினால்,

(1 + த)(1 + கத)(1 + க²த)… / (1 + ஆத)(1 + கஆத)(1 + க²ஆத)…

மேலும் கீழும் முடிவிலாப் பெருக்கங்கள். ஆ என்பது ஆ(அ). இது 1840களில் கௌஷி, ஹைனே காலத்திலேயே தெரிந்த முற்றொருமை. அதில் ஆ எந்தக் கோவையாகவும் இருக்கலாம், க-வின் அடுக்காக இருக்க வேண்டியதில்லை. அ முழு எண்ணானால் கீழே உள்ளவை மேலே உள்ளவற்றோடு அடிபட்டு, முதல் சில காரணிகள் மட்டும் மிஞ்சும். தேற்றமும் தப்பித்தது.

ஆனால் இங்கேதான் இழப்பு. அரை அடுக்கை இருமுறை பயன்படுத்தினால் முழு அடுக்கு வர வேண்டும். அதற்கு ஆ(½) · ஆ(½) = க ஆக வேண்டும். ஜாக்சனுக்கு அது உண்டு. இங்கே

ஆ(½)² − க = (1 − க)(1 − க³)/(1 + க)²

சுழியம் இல்லை. [அ], [இ] இரண்டும் தெரிந்தால் [அ + இ] என்னவென்று சொல்லும் கூட்டல் விதி போய்விட்டது. வேண்டர்மாண்டு முற்றொருமை, அதாவது ஈ(அ + இ, ம)-ஐ ஈ(அ, ·), ஈ(இ, ·) பெருக்கங்களாகப் பிரிப்பது, அ, இ இரண்டில் ஒன்றாவது முழு எண்ணாக இருந்தால் நிற்கும். இரண்டும் பின்னங்களானால் பொதுவாக நிற்காது.

எது சரி என்ற முதல் கேள்விக்கு என் விடை இதுதான்: கூட்டல் வேண்டுமென்றால் ஜாக்சன். தலைகீழாக்கல் வேண்டுமென்றால் புதியது. ½, ⅓, ⅖ ஆகியவற்றைத் தொடர் பின்னங்களாகப் பார்ப்பவருக்கு இரண்டாவது. அடுக்குகளாகப் பார்ப்பவருக்கு முதலாவது.

உள்வெளி:

நான் வடிவியல் பக்கத்திலிருந்து வருகிறேன். எனக்கு ஈ(4, 2) என்றால் க உறுப்புகள் உள்ள முடிவுறு களத்தின் மேல் நாற்பரிமாண வெளியில் இருக்கும் இருபரிமாண உள்வெளிகளின் எண்ணிக்கை. க = 2 என்றால் 1 + 2 + 8 + 8 + 16 = 35. ஈ(½, 2)-இல் க = 2 இட்டால் −1/27 வருகிறது. இது எதை எண்ணுகிறது?

தொடர்பின்னம்:

குறை எண்ணாக வரும் அந்தக் கோவைக்கு நேரான எண்ணிக்கைப் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் [5/2] போன்ற நேர் எண்களின் தொகுதி நிச்சயமாக எதையோ எண்ணுகிறது.

1 + 2க + க² + க³ என்பதை எடுங்கள். இரண்டு பெட்டிகள் அடியில், ஒன்று அவற்றின் மேல். அடியில் உள்ள இரண்டும் இருந்தால்தான் மேலதை வைக்கலாம். எதையும் வைக்காமல் விட ஒரு வழி, ஒரு பெட்டி வைக்க இரண்டு வழி, இரண்டு வைக்க ஒன்று, மூன்றும் வைக்க ஒன்று. கெழுக்கள் 1, 2, 1, 1. பெரிய பின்னங்களுக்கு ஏறியிறங்கும் வேலிபோல் பெட்டிகள் அமையும். ஏற்ற இறக்கங்களின் நீளத்தைத் தொடர் பின்னத்தின் எண்கள் தீர்மானிக்கும். முடிவுறு களத்தின் மேலும் இதற்குப் பொருள் உண்டு. கிராஸ்மேன் வெளிக்குள் (ஒரே பரிமாணமுள்ள உள்வெளிகள் எல்லாம் புள்ளிகளாக இருக்கும் வெளி) சில ஷூபர்ட் கலங்களை, அதாவது அந்த வெளி பிரியும் எளிய துண்டுகளை, சேர்த்தால் வரும் புள்ளிகளின் எண்ணிக்கையாக இந்தத் தொகுதிகளை நிக்கோலஸ் ஓவன்ஹவுஸ் விளக்கியிருக்கிறார். உங்களுக்குப் பிடித்த உள்வெளிகள் அங்கே திரும்ப வருகின்றன.

வகுத்தல்மீதி:

கெழுக்கள் ஒருமுகடாக, அதாவது ஏறிவிட்டுப் பின் இறங்குவதாக இருக்குமா? காஸின் கோவைகளுக்கு 1878இல் சில்வெஸ்டர் நிறுவினார் என்று படித்திருக்கிறேன். நேரான எண்ணியல் நிறுவலுக்குக் கேத்லீன் ஓஹாரா வரும்வரை ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

தொடர்பின்னம்:

[ர/ச]-வின் தொகுதிக்கும் பகுதிக்கும் அது உண்மை. மோரியே-ஜெனூ, ஓவ்சியென்கோ ஊகித்ததை எஸ்கி காந்தார்ஜி ஓவுஸ், மோகன் ரவிச்சந்திரன் இருவரும் வேலி வரிசைகள் வழியாக நிறுவினார்கள். ஈ(5/2, 2)-க்கு நீங்களே பாருங்கள்: தொகுதி 1 + 3க + 4க² + 4க³ + 2க⁴ + க⁵, பகுதி (1 + க)³. இங்கே ஒருமுகடு இருக்கிறது. ஆனால் ஒருமுகடுக் கோவைகளைப் பெருக்கினால் ஒருமுகடுதான் வரும் என்று பொதுவிதி கிடையாது. எனவே இந்த ஓர் எடுத்துக்காட்டை வைத்து ஈ(அ, ம) அனைத்துக்கும் சொல்லிவிடக் கூடாது. சற்றுமுன் ஐந்தாவது வரி கற்றுக்கொடுத்தது நினைவிருக்கட்டும்.

புதியவள்:

மெய்யெண்களுக்கு எப்படிப் போவது? √2, பொன் விகிதம் ஆகியவற்றின் தொடர் பின்னம் முடிவதே இல்லையே.

தொடர்பின்னம்:

முடிய வேண்டாம். விகிதமுறா எண் ஒன்றை நெருங்கும் பின்னங்களை எடுத்து, ஒவ்வொன்றின் [·]-ஐயும் க-வின் அடுக்குத் தொடராக விரியுங்கள். தொடக்கக் கெழுக்கள் ஒவ்வொன்றாக அசையாமல் நின்றுவிடும். பொன் விகிதத்துக்கு (பொ என்று எழுதுகிறேன்):

[பொ] = 1 + க² − க³ + 2க⁴ − 4க⁵ + 8க⁶ − 17க⁷ + …

எல்லாம் முழு எண்கள். மூடிய வடிவமும் உண்டு: க[பொ]² = (க² + க − 1)[பொ] + 1. க = 1 இட்டால் பொன் விகிதத்தின் பழைய சமன்பாடு.

இப்போது முன்பு சொன்ன பாக்கி. ஒரு விகிதமுறு எண்ணை நெருங்கினால் எந்தப் பக்கத்திலிருந்து என்பது முக்கியம். வலப்பக்கத்திலிருந்து 2-ஐ நெருங்கினால் 1 + க. இடப்பக்கத்திலிருந்து நெருங்கினால் 1 + க²! காரணம் எளியது. ய → கய + 1 என்ற விதி அசைக்காத புள்ளிகள் இரண்டு: முடிவிலி, 1/(1 − க). முடிவிலியிலிருந்து தொடங்கித் தலைகீழாக்கினால் 0. நாம் இதுவரை பயன்படுத்திய [·] அது. இரண்டாவதிலிருந்து தொடங்கினால் இடப்பக்க வடிவம். அந்த வடிவத்தில் 2, 1, 0 ஆகியவை முறையே 1 + க², க, 1 − 1/க ஆகின்றன.

ஈருறுப்புக் கெழுவில் இது விசித்திரமாக வெளிப்படும். ஈ(2, 3) சுழியம் என்பது யாருக்கும் தெரியும். இடப்பக்க 2-ஐ வைத்தால்:

(க − 1)(1 + க²)/((1 + க)(1 + க + க²))

சுழியம் இல்லை. க = 1 இட்ட பிறகுதான் சுழியமாகிறது. பாஸ்கல் முக்கோணத்துக்கு வெளியே இருக்கும் வெற்றிடம் இடப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது வெறுமையாக இல்லை.

முக்கோணப்பித்தர்:

இதை எதிர்பார்க்கவில்லை. அந்த முக்கோணத்தின் வலது ஓரத்துக்கு அப்பால் எழுதிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. முதலில் நான் கேட்ட 'இன்னொரு விடை எதற்கு' என்ற கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன்.

புதியவள்:

பொன் விகிதத்துக்கு ஈ(பொ, 2)-ஐக் கணக்கிட்டேன். [பொ]([பொ] − 1)-ஐ க(1 + க)-ஆல் வகுத்தால்

க − 2க² + 5க³ − 11க⁴ + 24க⁵ − …

எல்லாமே முழு எண்கள். 1 + க-ஆல் வகுக்கும்போது பின்னம் வந்துவிடுமோ என்று பார்த்தேன். மாறிலி உறுப்பு 1 என்பதால் வரவில்லை. பிறகு சமன்பாட்டைப் பயன்படுத்தி [பொ]²-ஐ நீக்கினேன்:

ஈ(பொ, 2) = 1/(க²(1 + க)) − (1 − க)[பொ]/க²

சாதாரணக் கணக்கில் பொ(பொ − 1) = 1 என்பதால் ஈ(பொ, 2) = ½. √5 எங்கே போனது என்று அப்போதெல்லாம் தெரியாது. இங்கே அது போகும் வழி கண்ணுக்குத் தெரிகிறது: [பொ]-வோடு (1 − க) ஒட்டிக்கொண்டிருக்கிறது, க = 1 ஆகும் கணத்தில் அதைக் கொண்டுபோய்விடுகிறது. தொடரில் நேராக க = 1 இட முடியவில்லை, கெழுக்கள் வளர்ந்துகொண்டே போகின்றன. இது சரிதானா?

தொடர்பின்னம்:

சரி. [பொ]-வுக்குள் இருக்கும் வர்க்கமூலத்தின் கீழ் (க² + 3க + 1)(க² − க + 1) இருக்கிறது. முதல் காரணி க = (−3 + √5)/2 என்ற இடத்தில், ஏறத்தாழ −0.38இல், சுழியமாகிறது. குவிவு ஆரம், அதாவது தொடர் குவியும் எல்லை, அதனால் 0.38 அளவே. ஈ(பொ, 2)-க்கும் அதே ஆரம். 1-ஐ அடைய மூடிய வடிவம்தான் வழி, அதை நீங்களே கண்டுவிட்டீர்கள். ஈ(பொ, 3)-ஐயும் இதேபோல் [பொ]-வில் ஒருபடிக் கோவையாகச் சுருக்கலாம்; [பொ − 2] = ([பொ] − 1 − க)/க² என்று தொடங்குங்கள். விடையை இங்கேயே எழுதுங்கள், நானும் தனியாகப் போட்டு ஒப்பிடுகிறேன்.